செய்திப் பாதையின் வடிவம்

செய்தி செல்லும் பாதை ஒன்றை அமைக்க முற்படும்போது, எப்பொருளால் அமைப்பது, எவ்வளவு செலவாகும் என்னும் இரு கேள்விகளே முதலில் எழுகின்றன. அன்று இரும்புக் கம்பியா செப்புக் கம்பியா என்று ஆராய்ந்தனர். இன்று கண்ணாடி இழையின் தரத்தை ஆராய்கின்றனர். ஆயின் மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. ஊர்களை எந்த ஒழுங்கில், எந்த வடிவில் இணைப்பது என்பதே அது. எல்லாம் செவ்வனே நடைபெறும் நாளில் இக்கேள்வி எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஏதேனும் ஓரிடத்தில் இழை அறுபடும் நாளில்தான், எந்த ஊர் பேசும், எந்த ஊர் வாய்மூடி இருக்கும் என்பதை அவ்வடிவமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளாக இவ்வுலகம் இப்பாடத்தை மீண்டும் மீண்டும் பயின்று வந்திருக்கிறது. நம் நாடும் அதற்கு விலக்கன்று.

எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு வடிவங்களை முதலில் அறிந்துகொள்வோம். வட்டாரத் தலைமையிடம் ஒன்று. அதைச் சார்ந்த கிராமங்கள் பத்து. தலைமையிடத்திலிருந்து முதற் கிராமம், அங்கிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது என்று தொடுத்துக்கொண்டே போனால் அது கோடு. பூத்தொடுப்பது போன்ற இம்முறைக்குப் பத்துத் துண்டு இழை போதும். தலைமையிடத்திலிருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனியே இழை இழுத்தால் அது நட்சத்திரம். இதற்கும் பத்துத் துண்டுகளே. ஆயின் தொலைவிலுள்ள கிராமத்துக்கு நீண்ட துண்டு வேண்டும். அடிமரம் ஒன்றாய்ப் புறப்பட்டு, கிளையும் சிறு கிளையுமாகப் பிரிந்தால் அது மரம். கோட்டின் கடைசிக் கிராமத்தை மற்றொரு பாதையால் தலைமையிடத்துக்கே மீட்டுக் கொணர்ந்தால் அது வளையம். ஒவ்வோர் ஊரையும் பிற ஊர்கள் எல்லாவற்றோடும் நேரே பிணைத்தால் அது முழு வலை. நம் பதினோர் ஊர்களுக்கு அவ்வாறு செய்ய 55 துண்டுகள் தேவைப்படும்.

இனி, ஓரிடத்தில் இழை அறுந்ததாகக் கொள்வோம். கோட்டில் முதல் துண்டு அறுந்தால் பத்துக் கிராமங்களும் தொடர்பிழக்கும். கடைசித் துண்டு அறுந்தால் ஒன்று மட்டும் இழக்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் அறுபடக் கூடியவை என்றால், சராசரியாக ஒவ்வோர் அறுப்புக்கும் ஐந்தரைக் கிராமங்கள் இழப்புக்கு உள்ளாகும். நட்சத்திரத்தில் ஒரு கிராமம் மட்டுமே இழக்கும். ஆனால் நடுநிலையம் பழுதுற்றால் எல்லாமே போய்விடும். வளையத்திலோ ஓர் அறுப்பினால் ஒரு கிராமமும் இழக்காது. வலப்புறம் வழியடைத்தால் செய்தி இடப்புறமாகச் சுற்றி வரும். பத்துத் துண்டுக்குப் பதிலாகப் பதினொன்று என்னும் இச்சிறிய மிகுதியால் விளையும் பயன் இது. ஆயினும் ஏட்டில் ‘ஒரு துண்டு’ என்று எழுதுவது நிலத்தில் சில வேளை நெடுந்தூரமாக இருக்கும். கடைசிக் கிராமத்திலிருந்து வேறு பாதையில் திரும்புவதற்கு, போன தூரம் அத்தனையும் மீண்டும் தோண்ட வேண்டியிருக்கலாம். சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையேயுள்ள பழைய வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

அவ்வழக்கின் முதல் அத்தியாயம் நம் நாட்டிலேயே எழுதப்பட்டது எனலாம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷாக்னஸி என்பவர் 1839-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவுக்கு அருகில் தந்திக் கம்பி அமைத்துச் சோதனைகள் நடத்தினார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி இயங்கியது. 1854 மார்ச் மாதத்தில் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 800 மைல் தொலைவிலுள்ள ஆக்ராவுக்குச் செய்தி சென்றது. 1855-இல் தந்தி பொதுமக்களின் உபயோகத்துக்குத் திறக்கப்பட்டது.

அந்த முதற் கம்பிகளின் வடிவத்தை நோக்குங்கள். கல்கத்தாவிலிருந்து ஆக்ரா; ஆக்ராவிலிருந்து வடமேற்கே ஒரு கிளை பெஷாவருக்கு; தெற்கே மற்றொரு கிளை பம்பாய்க்கு; பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாகச் சென்னைக்கு. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அனுப்பப்பட்ட தந்தி, வங்கக் கடலோரம் தெற்கே வராமல், முதலில் மேற்கே ஆக்ராவுக்குச் சென்று, பம்பாயைத் தொட்டு, தக்காணத்தைக் கடந்து வர வேண்டியிருந்தது. விரைவில் முடிக்க வேண்டும், குறைந்த பொருளில் முடிக்க வேண்டும் என்னும் நோக்கத்துக்கு அவ்வமைப்பு பொருந்தியது. ஆனால் ஆக்ரா என்னும் முடிச்சு அவிழ்ந்தால் கிழக்கும் மேற்கும் பிரிந்து போகும் என்பது அதனுள்ளே மறைந்திருந்தது.

1857-ஆம் ஆண்டு அது வெளிப்பட்டது. மே 11-ஆம் நாள் தில்லித் தந்தி நிலையத்திலிருந்து அம்பாலாவுக்குச் சென்ற எச்சரிக்கை ஆங்கில அரசாங்கத்துக்குப் பெரிதும் உதவியது. அதை வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. அதன் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். கிளர்ச்சியாளர்கள் கம்பியின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்தனர். மீரட்டுக்கும் தில்லிக்கும் இடையிலும், கல்கத்தாவுக்கும் ஆக்ராவுக்கும் இடையிலும் அவர்கள் கம்பிகளை அறுத்தனர். ஒற்றைக் கோட்டை அறுப்பதற்குப் பெரும் படை வேண்டியதில்லை. சில ஆட்களும் ஓர் இரவும் போதும். பின்னர்க் கிழக்குக் கடற்கரையோரமாகக் கல்கத்தாவையும் சென்னையையும் நேரே இணைக்கும் கம்பியும் அமைந்தது. அதனால் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை என்னும் வரிசை தன் முனைகளைக் கோத்துக்கொண்டு ஒரு பெரும் வளையமாயிற்று.

கடலுக்கடியிலும் இதே கதை நடந்தது. 1870-ஆம் ஆண்டு சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்குக் கடல்வடம் வந்தது. அடுத்து 1870–71-இல் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை மற்றொரு வடம் சென்றது. உலகத் தந்திப் பாதையில் மேற்கு வாயிலாகப் பம்பாயும் கிழக்கு வாயிலாகச் சென்னையும் நின்றன. ஆயினும் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இது ஒரு நீண்ட கோடே. 1902-ஆம் ஆண்டு கனடாவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் வடம் முடிந்தபோது, பிரிட்டிஷ் பேரரசின் தந்திப் பாதை உலகைச் சுற்றிய வளையமாயிற்று. பூகோளப் படத்தில் அப்பேரரசின் நாடுகளுக்குத் தீட்டிய நிறத்தை ஒட்டி இதனை ‘முழுச் சிவப்புக் கோடு’ என்று அழைத்தனர். 1911-இல் பிரிட்டனின் பாதுகாப்புக் குழு ஒன்று கணக்கிட்டுப் பார்த்தது. பிரிட்டனைத் தனிமைப்படுத்த 49 கடல்வடங்களை அறுக்க வேண்டும் என்று அக்குழு கண்டது. ஜெர்மனியின் நிலையோ வேறு. அதன் வடங்கள் ஐந்து ஆங்கிலக் கால்வாயின் வழியே சென்றன. 1914 ஆகஸ்டு 5-ஆம் நாள், போர் அறிவித்த சில மணி நேரத்துக்குள், ‘அலர்ட்’ என்னும் சிறு கப்பல் அவ்வைந்தையும் அறுத்தது. ஒரு நாட்டின் வாயடைக்க ஒரு கப்பலின் சில மணி நேர வேலை போதுமாயிற்று. மற்றொரு நாட்டுக்கு நாற்பத்தொன்பது அறுப்பு வேண்டியிருந்தது. வடங்களின் தரம் இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வேற்றுமை வடிவத்தில் இருந்தது.

கணித அறிஞர்களும் இவ்வழக்கில் இரு பக்கமும் வாதாடியுள்ளனர். மொரேவியாப் பகுதியில் மின்சாரக் கம்பி அமைக்கக் குறைந்த நீளம் எது என்னும் கேள்விக்குச் செக் நாட்டுக் கணித அறிஞர் ஓட்டகார் பொரூவ்கா 1926-இல் விடை கண்டார். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் பிரிம் 1957-இல் அதே கேள்விக்கு எளிய முறை ஒன்றை வெளியிட்டார். இருவர் காட்டிய விடையும் மர வடிவமே. எல்லா ஊரையும் மிகக் குறைந்த கம்பியால் இணைப்பது மரம். அதில் எங்கும் வளையம் இராது. இருந்தால் அவ்வளையத்தின் ஒரு துண்டை நீக்கிச் செலவைக் குறைத்துவிடலாம். சிக்கனத்தின் தர்க்கம் குறையற்றது. ஆனால் அத்தர்க்கத்தின் பொருளையும் சிந்திக்க வேண்டும். நீக்கத்தக்க துண்டு ஒன்றுமே இல்லாத அமைப்பில், எந்தத் துண்டு தானாக நீங்கினாலும் இணைப்பு கெடும்.

எதிர்வாதம் 1964-இல் வந்தது. ராண்டு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் என்பவர், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் பேசக்கூடிய செய்தி அமைப்பு எது என்று ஆராய்ந்தார். நடுவொன்றைச் சார்ந்தது, சிறுசிறு நடுக்கள் பலவற்றைச் சார்ந்தது, நடுவே இல்லாமல் மீன்வலைபோல் பரந்தது என்று மூன்று வடிவங்களை அவர் வரைந்து காட்டினார். முழு வலைக்குரிய பெருஞ்செலவு தேவையில்லை. இணைப்பதற்கு வேண்டிய குறைந்த அளவைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தால், கடுந்தாக்குதலிலும் எஞ்சிய நிலையங்கள் ஒன்றோடொன்று பேசும் என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய இணையத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று இவ்வாறு பிறந்தது.

இவ்வேளையில்தான் கண்ணாடி இழை அரங்குக்கு வந்தது. 1966-ஆம் ஆண்டு சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இருவர், தூய கண்ணாடி இழையில் ஒளியைக் கொண்டு செய்தி அனுப்பலாம் என்றனர். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலும் அது உபயோகத்துக்கு வரும் என்று அவர்கள் எல்லை வகுத்தனர். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தினர் அவ்வெல்லையைக் கடந்தனர். இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி எஞ்சுகிறது. காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1979-இல் புனே நகரத் தொலைபேசி நிலையங்களுக்கிடையே கண்ணாடி இழை இணைப்பு தொடங்கியது. 1988 டிசம்பரில் அட்லாண்டிக் கடலடியில் முதற் கண்ணாடி இழை வடம் இயங்கலாயிற்று.

இழையின் பெருமையே அதன் அபாயமும் ஆயிற்று. முன்பு செப்புக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் பல பாதைகளில் சென்றன. ஒன்று அறுந்தால் சிலரே துன்புற்றனர். தலைமயிர் பருமனுள்ள ஒரே இழை ஆயிரமாயிரம் உரையாடல்களைத் தாங்கத் தொடங்கியதும், பாதைகள் குறைந்தன. எல்லாம் ஓரிடத்தில் குவிந்தன. 1988 மே 8-ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஹின்ஸ்டேல் என்னும் ஊரிலிருந்த தொலைபேசி நிலையம் தீப்பற்றியது. அது வட்டாரத்தின் பல வழிகள் கூடும் முடிச்சு. ஏறத்தாழ 35,000 தொலைபேசிகள் ஓய்ந்தன; சுற்றுப்புறப் பட்டணங்களின் தொலைத்தொடர்பும், விமானப் போக்குவரத்தும் தடுமாறின. முழுச் சீரமைப்புக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. நட்சத்திரத்தின் நடு எரிந்தால் கதிர்களுக்கு ஒளியில்லை என்பதைத் தொலைபேசி உலகம் அன்று கண்கூடாகக் கண்டது.

அதன்பின் வளையம் விரைந்து பரவியது. தம்மைத் தாமே குணப்படுத்திக்கொள்ளும் வளையங்கள் என்று அவற்றைக் குறிப்பிட்டனர். வளையத்திலுள்ள நிலையங்கள் ஒளி வருகிறதா என்று இடையறாது கவனிக்கின்றன. ஒரு திசையில் ஒளி நின்றால், மனிதர் எவரும் கை வைக்காமலே, எதிர்த்திசைப் பாதைக்கு மாறிவிடுகின்றன. இதற்கு விதிக்கப்பட்ட காலம் 50 மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு. பேசிக்கொண்டிருப்பவர் அறியவும் மாட்டார். 1996-இல் நிறைவுற்ற அட்லாண்டிக் வடங்கள் இரண்டு, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளை இணைத்து வளையமாகவே அமைக்கப்பட்டன.

ஆயினும் படத்தில் வளையம் வரைந்தால் மட்டும் போதாது. 2001 ஜூலை 18-ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரச் சுரங்கப் பாதை ஒன்றில் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பற்றியது. அச்சுரங்கத்தின் வழியே பல கம்பெனிகளின் கண்ணாடி இழைகள் சென்றுகொண்டிருந்தன. நெருப்புக்குக் கம்பெனி வேற்றுமை தெரியாது. இழைகள் பழுதுற்று இணையப் போக்குவரத்து பல இடங்களில் மந்தமாயிற்று. வளையத்தின் போகும் கையும் திரும்பும் கையும் ஒரே பள்ளத்தில் படுத்திருந்தால், அது வளையமன்று, இரட்டித்த கோடு. சாலை ஓரத்தில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டும் எந்திரம் இரண்டையும் ஒரே வீச்சில் அறுத்துவிடும். ஆகவே பாதைகள் வேறு, சாலைகள் வேறு, இயலுமாயின் ஆற்றைக் கடக்கும் பாலங்களும் வேறாக இருத்தல் வேண்டும்.

உலகப் பாதைகளிலும் நம் காலத்தில் இது மெய்யாயிற்று. 2006 டிசம்பர் 26-ஆம் நாள் தைவானுக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கம் பல கடல்வடங்களை அறுத்துக் கிழக்காசியாவைத் தடுமாறச் செய்தது. 2008 ஜனவரி 30-ஆம் நாள் எகிப்தின் அலெக்ஸாந்திரியா அருகே இரண்டு வடங்கள் பழுதுற்றபோது, இந்தியாவின் மேற்குத் திசை இணையப் பாதை பெரிதும் சுருங்கியது. ஆயினும் இந்தியா ஊமையாகிவிடவில்லை. சிங்கப்பூர் வழியாகவும் பசிபிக் வழியாகவும் செய்திகள் சுற்றிச் சென்றன. தாமதம் நேர்ந்தது, துண்டிப்பு நேரவில்லை. 1870-இல் மேற்கு வாயிலும் கிழக்கு வாயிலுமாக அமைந்த அதே இரு நகரங்களே இன்னும் நமக்கு இருபுற வழி தருகின்றன. வாயில் ஒன்றே உடைய நாட்டின் கதி என்ன? 2022 ஜனவரி 15-ஆம் நாள் எரிமலை வெடித்தபோது, டோங்கா தீவு நாட்டை வெளியுலகோடு பிணைத்த ஒரே கடல்வடம் சிதைந்தது. தலைமைத் தீவுக்கு மீண்டும் வடத் தொடர்பு வர ஐந்து வாரத்துக்கு மேலாயிற்று. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய வழியே அம்மக்களுக்குத் துணையாயிற்று.

இனி நம் கிராமங்களுக்கு வருவோம். 2011 அக்டோபரில் மத்திய அரசாங்கம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. ‘பாரத்நெட்’ என்று பின்னர்ப் பெயர் பெற்றது இதுவே. ஏற்கெனவே பொதுத்துறை நிறுவனங்கள் வட்டாரத் தலைமையிடம் வரை இட்டிருந்த இழைகளை உபயோகித்துக்கொண்டு, அங்கிருந்து பஞ்சாயத்து வரை விடுபட்ட தூரத்துக்கு மட்டும் புது இழை போடுவது என்பது முதற்கட்ட முறை. வட்டாரத்திலிருந்து ஒரே இழை புறப்பட்டு, மின்சாரம் வேண்டாத ஒளிப் பிரிப்பான்களின் மூலம் கிளைகளாகப் பிரியும். நாம் முன்பு கண்ட மரமும் கோடுமே இவை. பெரிய நாட்டுக்குக் குறைந்த செலவில் விரைவில் எட்ட வேண்டும் என்னும் நோக்கம் குறை கூறத்தக்கதன்று. 2017 டிசம்பரில் ஒரு லட்சம் பஞ்சாயத்துகள் என்னும் முதற்கட்ட இலக்கு நிறைவேறியது.

ஆனால் சாலை அகலப்படுத்துவோரும் குழாய் பதிப்போரும் அன்றாடம் தோண்டும் நாடு நம் நாடு. கோட்டின் நடுவில் ஒரு மண்வெட்டி விழுந்தால் அதற்கு அப்பாலுள்ள பஞ்சாயத்துகள் அனைத்தும் காத்திருக்க வேண்டியதே. அங்கே முதியோர் ஓய்வூதியப் பதிவும், நியாயவிலைக் கடைக் கருவியும், மாணவரின் விண்ணப்பமும் நிற்கும். நகரத்தில் ஒரு பாதை அறுந்தால் வேறு பாதையைக் காணலாம். கோட்டின் கடைசிக் கிராமத்துக்கு வேறு பாதை இல்லை. தொலைவிலிருப்பவர்க்கே துன்பம் மிகுதி என்பது கோட்டு வடிவத்தின் இயல்பிலேயே உள்ள அநீதி. 2023 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட திருத்திய பாரத்நெட் திட்டம், ஏறத்தாழ 2.64 லட்சம் பஞ்சாயத்துகளை வளைய வடிவில் இணைப்பதென முடிவு செய்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 1,39,579 கோடி ரூபாய். பத்தாண்டுப் பராமரிப்பும் அதில் அடங்கும். 1857-க்குப் பின் தந்திக் கம்பிகள் கற்ற பாடத்தைக் கண்ணாடி இழைகளும் கற்றுக்கொண்டன எனலாம்.

கடல் சூழ்ந்த இடங்களில் வளையம் முடிப்பது அரிது. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடல்வடம் தொடங்கி வைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கு மற்றொன்று. தீவு மக்களுக்கு இவை பெரும்பேறு. இவற்றுக்கு இரண்டாவது வழி கடலில் அமையும் வரை, வானில் செயற்கைக்கோள் வழியைக் கைவிடாதிருப்பதே அறிவுடைமை என்பதை டோங்கா காட்டியிருக்கிறது.

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பது என் தொழில். ‘ரிடன்டன்சி’ என்னும் ஒரு சொல் இத்துறைக் கோப்புகளில் அடிக்கடி வரும். அகராதியைப் புரட்டினால், தேவைக்கு மேற்பட்டது, மிகை, வீண் என்றெல்லாம் பொருள் காணலாம். நம் இலக்கண நூலாரும் மிகைபடக் கூறலை நூலின் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தனர். எழுத்தில் அது குற்றந்தான். செய்திப் பாதையிலோ அம்மிகையே காவல். ஆகவே ‘மாற்றுவழி’ என்று எழுதுவதே தகும் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘மிகை’ என்று எழுதினால் செலவைக் குறைக்க விரும்பும் அதிகாரி முதலில் அதைத்தான் வெட்டுவார். ‘மாற்றுவழி’ என்று எழுதினால் ஒரு கணம் தயங்குவார்.

அத்தயக்கம் நாட்டுக்கு நல்லது. புதிய பாதை அமைக்கப்படும் இடங்களில் எல்லாம் எத்தனை ஊர்கள் இணைந்தன என்று கேட்பது வழக்கம். அவ்வூர்களுள் எத்தனைக்கு இரண்டாவது வழி உண்டு, அவ்வழி மெய்யாகவே வேறு மண்ணில் செல்கிறதா என்றும் கேட்பது பஞ்சாயத்து உறுப்பினர் முதல் பாராளுமன்ற உறுப்பினர் வரை ஒவ்வொருவர்க்கும் உரிய கேள்வியாகும். முதற் கேள்விக்குத் திறப்பு விழா நாளன்றே விடை கிடைத்துவிடும். இரண்டாவதன் விடை, மழைக்காலத்து நள்ளிரவு ஒன்றில், எங்கோ கரை சரிந்து இழை அறுபடும்போது தெரியவரும்.